திருப்புளியும் மலைமேல் ரிப்பீட்டரும்

பெற்றவர்கள் அவளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அது அடையாள அட்டையோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவள் திருப்புளிதான். மற்ற பெண்கள் கொண்டையில் ஊசி குத்துகிற இடத்தில் அவள் ஸ்க்ரூ கழற்றுகிற சின்னத் திருப்புளி ஒன்றைச் செருகியிருப்பாள். பேச்சு சூடானால் கை தானாக அங்கே போகும். எதிரில் நிற்பவர் ஒரு அடி தள்ளி நிற்பார். தூங்கும்போதாவது அதை எடுத்து வைப்பாளா என்று தெரிய வேண்டுமானால் அவள் புருஷனிடம்தான் கேட்க வேண்டும். அவர் சொன்னாலும் நமக்குக் கேட்காது. அந்தக் கதை அப்புறம்.

அவள் வேலை பார்த்தது ஊர்க் கழிவுநீர் அலுவலகத்தில், ரேடியோ மெக்கானிக்காக. நாகரிகமாகச் சொன்னால் கழிவுநீர், நாகரிகம் இல்லாமல் சொன்னால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். யார் வீட்டில் அடைத்துக்கொண்டாலும் அங்கேதான் போன் அடிக்கும். கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவர் ரேடியோவில் லாரியைக் கூப்பிட்டு, இன்ன தெரு, இன்ன வீடு, நிலைமை இவ்வளவு மோசம் என்று சொல்வார். லாரி போய் உறிஞ்சிக்கொண்டு வரும். ஊருக்குள் பெரிய மனிதர், சின்ன மனிதர் என்று எத்தனையோ வித்தியாசம் இருக்கலாம். அந்த லாரியின் குழாய்க்கு எல்லோர் வீட்டுச் சரக்கும் ஒன்றுதான்.

முதலில் அவள் அங்கே சேர்ந்தது மேஜை துடைக்க. துடைக்கிற மேஜை மேல் ஒரு ரேடியோ செத்துக் கிடந்தது. மெக்கானிக் வரட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த மெக்கானிக்கோ வேறு வேலை கிடைத்து எப்போதோ போய்விட்டிருந்தார், போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான். இவள் துடைக்கிற சாக்கில் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே ஒரு கம்பி விட்டுப்போய் ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டு வைத்ததும் ரேடியோ இருமிக்கொண்டு எழுந்தது. அப்புறம் அலுவலகமே அவளைப் படிக்க அனுப்பியது. ஒழுங்காகப் படித்து, தேறி, சான்றிதழ் வாங்கி, அதைச் சுவரில் மாட்டி, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பார்க்கவும் வைத்தாள். அடக்கம் என்கிற சாமான் அவளிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வேலை தெரிந்தவளுக்கு அது எதற்கு?

அவள் புருஷனைப் பஞ்சு என்று கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி என்பதற்காக இல்லை, குரலுக்காக. அவர் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ரேடியோவில் அவர் பேசினால் டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம்தான் வரும். அவள் மைக்கை மாற்றினாள். மறுபடியும் காற்று. இன்னொரு மைக் போட்டாள். அதிலும் காற்று. பிறகு முழு ரேடியோவையும் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தாள். கடைசியில் பொறுமை போய், லாரிக்குள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப பேசுங்க பாக்கலாம்" என்றாள். அவர் பேசினார். பக்கத்தில் இருந்தவளுக்கே கேட்கவில்லை.

"ரேடியோ நல்லாத்தான் இருக்கு. பழுது உங்ககிட்டதான்" என்றாள்.

"சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

அது மட்டும் அவளுக்கு நன்றாகக் கேட்டது. கல்யாணம் ஆயிற்று.

பிறகு ஒருநாள் லாரியிலிருந்து இறக்கிய இரும்புக் குழாய் உருண்டு வந்து அவர் முழங்கால் மேல் ஏறிவிட்டது. நடக்கலாம், உட்காரலாம். படி ஏறி இறங்குவது மட்டும் ஆகாது. அதனால் அவரைக் கன்ட்ரோல் ரூமில் உட்கார வைத்தார்கள். மற்றவர் முப்பது வார்த்தையில் சொல்வதை அவர் மூன்று வார்த்தையில் சொல்லிவிடுவார். டிரைவர்கள் ரேடியோவின் சத்தக் குமிழைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வருஷக்கணக்காக ஒரு புகாரும் இல்லை.

காலுக்கு ஓய்வு கொடுத்தாலும் மனிதரின் கை சும்மா இருக்கவில்லை. மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்று வாங்கி, வீட்டில் இருக்கிற பொருளுக்கெல்லாம் உறை தைக்கத் தொடங்கினார். டிவிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, இஸ்திரிப் பெட்டிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்கு மடிப்பு வைத்த பாவாடை. உறையோடு வந்த குடைக்கு அந்த உறை மேல் இன்னொரு உறை. சோபாவில் அசந்து தூங்கிய மச்சானின் மேல் அளவு நாடாவை வைத்துப் பார்த்தார் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. அந்த மச்சான் திருப்புளியின் தம்பி. அவனும் அதே அலுவலகத்தில் லாரி ஓட்டுகிறவன். மூக்கு எப்போதும் அடைத்தே இருக்கும் என்பதால் அவனுக்கு மூக்கடைப்பு என்று பெயர். அந்தத் தொழிலுக்கு அப்படி ஒரு மூக்கு வாய்ப்பது கொடுத்துவைத்த ஜாதகம் என்று மற்ற டிரைவர்கள் பொறாமைப்படுவார்கள்.

இனி அந்த மலைமேல் பெட்டிக்கு வருவோம். லாரியில் இருக்கிற ரேடியோ சிறியது, அதன் சத்தம் மேடு தாண்டாது. ஊரோ நடுவில் மேடும் இரண்டு பக்கமும் பள்ளமுமாக அமைந்த ஊர். அதனால் மேட்டின் உச்சியில் ஒரு கோபுரம், கோபுரத்தின் காலடியில் ஒரு சின்ன அறை, அறைக்குள் ஒரு பெட்டி. அதற்கு ரிப்பீட்டர் என்று பெயர். ஒரு பக்கம் யாராவது பேசினால் அதைக் கேட்டு, கேட்ட அந்த நொடியே உரக்கத் திருப்பிச் சொல்லும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்காது, ஒரு வார்த்தை விழுங்காது. குடும்பத்துக்கு இப்படி ஒரு ஆள் இருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகும் என்று திருப்புளி அடிக்கடி சொல்வாள். அந்தப் பெட்டியை அவள் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள். பிள்ளையைவிட நன்றாக என்றே சொல்லலாம், பிள்ளைக்கு யாரும் மாதாமாதம் தூசி தட்டுவதில்லை.

ஒரு குளிர்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து புலம்பினாள். "மேல ஒரே தூசி. போதாததுக்கு பல்லி வேற. மெஷின் மேல விழுந்து, அங்கேயே குடித்தனம் நடத்துது."

பஞ்சு தலையை ஆட்டினார். நீளம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு உறையை மடித்துக் கையில் கொடுத்தார். தடித்த திரைத்துணி, ஓரமெல்லாம் இரட்டைத் தையல். முன்பக்கம் நூலால் ஒரு படம் பின்னியிருந்தார். ஒரு பெண்ணின் தலை, அதில் கொண்டை, கொண்டையில் திருப்புளி.

"என்ன இது, முள்ளங்கி மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

"நீதான்."

"என் மூக்கு இவ்ளோ பெருசா?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. விவரம் தெரிந்தவர். "ஒரு பக்கம் தொறந்து விட்டிருக்கேன். ஃபேன் பக்கம். மூச்சு விடணும்ல" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவள் அதை மலைக்கு எடுத்துப்போய்ப் பெட்டிக்குப் போட்டாள். அந்தப் படம் வாசலைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தாள். கதவைத் திறந்ததும் கண்ணில் படுமே. வாய் முள்ளங்கி என்று சொன்னால் மனசும் அப்படியே சொல்லிவிடுமா என்ன?

குளிர்காலம் போய் வெயில் வந்தது. வெயிலோடு தகராறும் வந்தது.

மேட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளத்துக் குடியிருப்புகளில் மூக்கடைப்பின் லாரி ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் அவன் ரேடியோவில் கூப்பிட்டான்.

"மாமா, இங்க வேலை முடிஞ்சுது. அடுத்து எங்க?"

பஞ்சு தெருவின் பெயரைச் சொன்னார்.

"மாமா? கன்ட்ரோல் மாமா? இருக்கீங்களா?"

பஞ்சு மறுபடியும் சொன்னார்.

"என்ன மாமா, பதிலே இல்ல. எம்மேல ஏதாச்சும் கோவமா? போன வாரம் சாப்பிட வரலைன்னா?"

இவர் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை. அவன் பேசுவது இவருக்கு மணி மணியாகக் கேட்டது. மேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த டிரைவர்களுக்கோ இரண்டும் கேட்டது. லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மச்சான் மாமாவைக் கெஞ்சுகிறான், மாமா பதில் சொல்லச் சொல்ல அவன் விம்முகிறான். இதைவிட நல்ல பொழுதுபோக்கு வேலை நேரத்தில் எங்கே கிடைக்கும்?

ஒருநாள் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். தினமும் இதே கூத்து. காலையில் கேட்கும், வெயில் ஏற ஏற கேட்காது. லாரி போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் மர நிழலில் நின்றது. அது போகாத வீடுகளில் ஒன்று அலுவலக மேலாளரின் மாமனார் வீடு. தன் மருமகன் எந்த அலுவலகத்தில் எவ்வளவு பெரிய ஆள் என்று அந்த மாமனார் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இப்போது அந்தப் பெருமை அவர் வாசற்படி தாண்டித் தெருவில் ஓடியது.

மேலாளர் பஞ்சுவைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்.

"உங்க குரல் போதல."

பஞ்சு ஏதோ சொன்னார்.

"என்ன?"

பஞ்சு மறுபடியும் சொன்னார்.

"பாத்தீங்களா? எதிர்ல உக்காந்திருக்கேன், எனக்கே கேக்கல. மலை தாண்டி இருக்கறவனுக்கு எப்படிய்யா கேக்கும்?"

மேலாளர் ஏற்கனவே ஒரு ஆளைப் பார்த்து வைத்திருந்தார். பஸ் நிலையத்தில் எந்த பஸ் எங்கே போகிறது என்று கூவி அறிவித்துக்கொண்டிருந்தவர். வெண்கலம் என்று பெயர், அப்படி ஒரு தொண்டை. அவருக்கு மைக் எதற்கு என்று பஸ் நிலையத்தில் மைக்கையே வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை வெண்கலம் வந்து கன்ட்ரோலில் உட்கார்ந்து பார்ப்பார், சரிப்பட்டால் அந்த நாற்காலி அவருக்கு. பஞ்சு பம்ப் அறைக்குப் போக வேண்டும். பம்ப் அறை தரைக்குக் கீழே இருந்தது. செங்குத்தான இரும்பு ஏணியில் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது ஏறி இறங்கியாக வேண்டும். அந்த முழங்காலோடு.

கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த திருப்புளி உள்ளே வந்தாள். கை கொண்டைக்குப் போயிருந்தது.

"சார், ரேடியோவுல கத்துனா தூரம் போகாது. கத்துனா கரகரன்னு கேக்கும், அவ்வளவுதான். தூரம் போறது மேல இருக்கற மெஷினோட பலத்துல."

"அப்ப மெஷின் கெட்டுப்போச்சா?"

யாராவது தன் பிள்ளைக்கு ஒன்றரைக் கண் என்று சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு. "என் மெஷினா? எதுக்கும் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

அலுவலக ஜீப்பில் மலைக்குப் போனாள். அறையைத் திறந்து, ஜன்னலையும் திறந்து, முதல் வேலையாக உறையைக் கழற்றி, படம் கசங்காமல் மடித்து ஸ்டூல் மேல் வைத்தாள். பெட்டியிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகிற தடித்த கேபிளின் நடுவில் மீட்டரைச் சேர்த்தாள். வெளியே போகிற பலம் எவ்வளவு, அதில் முட்டிக்கொண்டு திரும்பி வருவது எவ்வளவு என்று அந்த மீட்டர் காட்டும். பெட்டியைப் பேசவிட்டாள். முள் விறுவிறுவென்று ஏறி முழு அளவில் போய் நின்றது. திரும்பி வருவது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கேபிளில் குற்றம் இல்லை, ஆன்டெனாவிலும் குற்றம் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கேபிளின் முனை இணைப்பைப் புதிதாக மாற்றினாள். கைரேடியோவில் தம்பியைக் கூப்பிட்டாள்.

"கேக்குதாடா?"

"கணீர்னு கேக்குதுக்கா. காதுக்குள்ளயே உக்காந்து பேசுற மாதிரி இருக்கு."

எல்லாவற்றையும் மூடிக் கட்டி, உறையை எடுத்துப் போட்டாள். வழக்கம்போல ரேடியோவில் பஞ்சுவின் குரல் வந்தது.

"கவர் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

அவள் மலை ஏறுகிற நாளெல்லாம் அவர் இதைக் கேட்பார். ஊரில் இருக்கிற லாரிக்கெல்லாம் இது கேட்கும். டிரைவர்கள் டீக்கடையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் வணக்கத்துக்குப் பதிலாக "கவர் போட்டுட்டியா?" என்று கேட்டுக்கொள்கிற அளவுக்குப் போயிருந்தது.

மறுநாள் மத்தியானம் தம்பி மறுபடியும் புலம்பினான். "மாமா, நான் என்ன தப்பு பண்ணேன்?"

அவள் இரண்டாம் முறை போனாள். உறையை எடுத்தாள், மடித்தாள், வைத்தாள். பெட்டிக்கு வருகிற மின்சாரம் பாரம் ஏறும்போது தொய்கிறதா என்று பார்த்தாள். தொய்யவில்லை. கேட்கிற காதையும் பேசுகிற வாயையும் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்து வைக்கிற பித்தளை உருளைகள் அங்கே வரிசையாக நிற்கும். அவற்றில் ஏதாவது பலத்தை விழுங்குகிறதா என்று முன்னாலும் பின்னாலும் அளந்தாள். விழுங்கவில்லை. முள் முழு அளவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. தம்பி, "அருமைக்கா" என்றான். அவள் உறையைப் போட்டுவிட்டு இறங்கினாள்.

நேராக மேலாளரிடம் போனாள். "மெஷின்ல ஒரு குறையும் இல்ல. முழு பலம். யாரை வேணா கூட்டிட்டு வந்து பாத்துக்கோங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்.

"சந்தோஷம்மா" என்றார் மேலாளர். "மெஷின் சரி. கேபிள் சரி. கரண்ட் சரி. நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப பாக்கி இருக்கறது யாரு?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டியைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, தன் வாயாலேயே புருஷனைப் பம்ப் அறைக்கு அனுப்பி வைத்திருந்தாள்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது அவள் வாய் திறக்கவில்லை. பஞ்சுவுக்கு அது பயமாக இருந்தது.

"என்ன யோசனை?" என்றார்.

"மெஷின் நல்லாருக்கு. ஆனா அந்தப் பக்கம் கேக்கல. ரெண்டும் எப்படி நெசமா இருக்க முடியும்?"

"நீ இருக்கும்போது நல்லாருக்கு."

"அப்படின்னா?"

"நீ கெளம்புனதும் கெட்டுப்போகுது. சின்னப் புள்ளைங்க மாதிரி."

"நான் என்ன மந்திரமா போடறேன்?" என்று எரிந்து விழுந்தாள். சோற்றைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அந்த ஏணி எத்தனை படிங்க?" என்றாள்.

"பாத்ததில்ல."

பொய். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அது அவளுக்கும் தெரியும். அவர் எழுந்து போய்த் தையல் மெஷினுக்குப் போட்டிருந்த உறையைக் கழற்றினார். ஆமாம், அதற்கும் ஒன்று தைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கன்ட்ரோல் ரூமில் வெண்கலம் நாற்காலியை நிறைத்து உட்கார்ந்தார். பக்கத்தில் மேலாளர் நின்றார். பஞ்சு ஓரமாக ஒரு பெஞ்சில் இருந்தார், எந்த பட்டன் எதற்கு என்று சொல்லிக்கொடுக்க. திருப்புளி யாரிடமும் கேட்காமல் ஜீப்பை எடுக்கச் சொல்லி மலைக்குப் போய்விட்டாள்.

மறுபடியும் அதே கதை. உறையை எடுத்தாள், அளந்தாள், எல்லாம் முழுசு. அவளுக்கு அழுகை வந்தது, அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள். ஒரு இணைப்பை நல்ல வார்த்தை ஒன்றும் சேராத பாஷையில் திட்டினாள். ஜன்னலைச் சாத்தி, உறையை விறுக்கென்று இழுத்துப் போட்டு, வெளியே வந்து பார்த்தால் ஜீப் இல்லை. டிரைவர் பஞ்சர் ஒட்டிவிட்டு வருகிறேன் என்று கீழே போயிருந்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே வந்து கதவை ஒருக்களித்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு, பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்தாள். எரிச்சலில் மீட்டரைக் கழற்றவே மறந்திருந்தாள். அது பாட்டுக்குக் கேபிளின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

கைரேடியோவில் வெண்கலம் முழங்கினார். பஸ் நிலையத்துப் பழக்கம் போகுமா? "ஓட்டுநர்களின் அன்பான கவனத்திற்கு. பள்ளத்துப் பகுதிக்குச் செல்லும் கழிவுநீர் வாகனம், கீழ்க்கண்ட தெருக்கள் வழியாக" என்று ஆரம்பித்தவர் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு தெருவையும் இரண்டு தடவை சொன்னார். ஒவ்வொரு வீட்டு அடைப்பையும் வர்ணித்தார். மேலாளருக்குப் பெருமை தாங்காது, அதைப் பார்க்காமலேயே அவளால் சொல்ல முடியும்.

அவளுக்கு முதுகு சுட்டது. வெயில் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் சட்டிமேல் சாய்ந்த மாதிரி சுட்டது. திரும்பினாள். திரும்பும்போது மீட்டர் கண்ணில் பட்டது.

முள் இறங்கிக்கொண்டிருந்தது.

வெண்கலம் ஒரு தெரு சொன்னார், முள் கொஞ்சம் இறங்கியது. இன்னொரு தெரு, இன்னும் கொஞ்சம். தொண்டை வறண்ட மனிதன் பேச்சைக் குறைத்துக்கொள்கிற மாதிரி, பெட்டி தன் குரலைத் தானே தணித்துக்கொண்டே வந்தது. ரொம்பச் சூடானால் வெந்துபோகாமல் இருக்க அது அப்படித்தான் செய்யும், அப்படிச் செய்யத்தான் அதை வடிவமைத்திருந்தார்கள். இது அவளுக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறாள். ஆனால் சூடாவதற்கு முகாந்திரம் என்ன? அவ்வளவு பெரிய ஃபேன் இருக்கிறதே. ஃபேன் இருப்பது வாசல் பக்கம். வாசல் பக்கத்தில்...

வாசல் பக்கத்தில் கொண்டையும் திருப்புளியுமாக அவளே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபேனின் வாயை அடைத்துக்கொண்டு, இரட்டைத் தையலில், பெரிய மூக்கோடு.

புருஷன் ஒழுங்காகத்தான் தைத்துக் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் திறந்துதான் விட்டிருந்தார். அந்தத் திறந்த பக்கம் சுவரைப் பார்த்துக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அழகு பார்க்க அதைத் திருப்பி மாட்டியது இவள். இன்று ஒருநாள் இப்படி இருக்கட்டும் என்று குளிர்காலத்தில் போட்டது, பிறகு கை பழகிவிட்டது. பழுது பார்க்க வருகிறபோதெல்லாம் முதல் வேலையாக அதைக் கழற்றினாள், பெட்டி பிழைத்துக்கொண்டது. போகும்போது கடைசி வேலையாக அதை மாட்டினாள், பெட்டி மூச்சு முட்டியது. கன்ட்ரோல் ரேடியோவின் மேல் செய்தித்தாள் வைத்ததற்காக இதே மேலாளரை, மெஷினுக்கு மூக்கில்லையா என்று அவள் ஒரு தடவை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள்.

யாரும் பார்க்கவில்லைதானே என்று அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் ஒரு பல்லி இருந்தது.

பிறகு உறையை உருவினாள். கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்தாள். கைரேடியோவை எடுத்தாள். வெண்கலம் மூச்சு வாங்குகிற ஒரு இடைவெளி கிடைத்தது.

"சார், அண்ணனைக் கொஞ்சம் வாய மூடச் சொல்லுங்க."

மேலாளரின் குரல் வந்தது. "அவரு வேலைய அவரு பாக்கறாரு."

"அப்ப என் வேலைய நான் பாக்கறேன்."

ரிப்பீட்டரின் பேச்சை அணைத்தாள். ஃபேன் மட்டும் ஓடியது. ஊரில் இருந்த அத்தனை லாரிக்கும் காது அடைத்துப்போயிற்று. கன்ட்ரோல் ரூமில் வெண்கலம் மேஜை அதிரக் கூவினார், அந்தக் கூவல் அலுவலக வாசலில் தூங்கிய காவலாளியை எழுப்பியதே தவிர வேறு எங்கும் போகவில்லை. ஒலிக்கிற மனிதருக்கும் போய்ச் சேருகிற பேச்சுக்கும் என்ன வித்தியாசம் என்று மேலாளர் அன்றைக்குத் தெரிந்துகொண்டிருக்கலாம். தெரிந்துகொள்ளவில்லை.

பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். கை வைக்கிற சூட்டுக்கு வந்ததும் உறையைச் சரியான பக்கம் திருப்பிப் போட்டாள். திறந்த பக்கம் வாசலுக்கு, படம் சுவருக்கு. அப்படிப் போடும்போது மனசு கேட்கவில்லை. ஒரு தடவை அந்த மூக்கைத் தடவிவிட்டு, பேச்சைத் திறந்தாள்.

"சார், இப்ப மைக்கை எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுங்க. இல்லேன்னா திரும்ப அணைச்சுட்டு நடந்தே எறங்கி வந்துருவேன். சாயங்காலம் ஆகும்."

அங்கே என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு குரல்.

"பள்ளம். கன்ட்ரோல். கேக்குதா?"

"மாமா" என்று அலறினான் மூக்கடைப்பு. "நல்லா கேக்குது மாமா. கோவம் தீந்துருச்சா?"

"கோவமே இல்லடா."

"அப்ப ஏன் மாமா இத்தனை நாள் பேசல?"

இந்தப் பக்கத்து டிரைவர்கள் சிரித்த சிரிப்பு ஒவ்வொன்றாக ரேடியோவில் வந்து விழுந்தது. திருப்புளி மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பஞ்சு எல்லாத் தெருவையும் தன் வழக்கப்படி சுருக்கமாகச் சொன்னார். அவளே அவரை நிறுத்தவிடாமல் இன்னொரு தடவை, மறுபடி ஒரு தடவை என்று சொல்ல வைத்தாள். அவர் கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அன்றுதான். முள் அசையவில்லை. வெயில் உச்சிக்கு ஏறி, சாய ஆரம்பித்தது. தம்பிக்கு ஒவ்வொரு தடவையும் கேட்டது. கடைசியில் அவன், "சார், வெண்கல அண்ணனை பஸ்ஸுக்கே அனுப்பிடுங்க. மாமா பேசுனா போதும்" என்றான்.

மேலாளர் மைக்கை வாங்கினார். "அப்ப மெஷின்லதான் கோளாறா?"

"சூடு சார். சூடானா பலம் கொறையும், இந்தப் பக்கம் கேக்கும், தூரத்துல இருக்கற பள்ளத்துக்கு எட்டாது. இப்ப சரி பண்ணிட்டேன். குரலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"முழு பலத்துல இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். தப்பா சொன்னேன்."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை லாரிக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, நம்ப முடியாமல் ரேடியோவைத் தட்டிப் பார்த்தார்கள். மேலாளர், மாமனார் வீட்டுக்கு லாரி உடனே போகட்டும், நாற்காலியில் பழையபடி பஞ்சுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வெண்கலம் போகிற வழியில் காவலாளியிடம், அந்த ரூமில் எதிரொலியே சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

திருப்புளி மீட்டரைக் கழற்றி, கருவிகளைப் பையில் போட்டாள். கீழே ஜீப்பின் சத்தம் கேட்டது. கைரேடியோ கரகரத்தது. அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள், அதற்காகத்தான் பயந்துகொண்டும் இருந்தாள்.

"கவர் போட்டுட்டியா?"

லாரிகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. போட்டுட்டேன் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அந்த இடத்தில் சொல்ல வேண்டாம் என்று தடுத்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள். பட்டனை அழுத்தினாள்.

"போட்டுட்டேங்க. இந்தத் தடவை சரியா போட்டிருக்கேன்."

"இந்தத் தடவையா?" என்றது பஞ்சுவின் குரல்.

"ஆமா."

"அப்ப இத்தனை நாளா?"

"ஆமாங்கறேன்ல."

அளவெடுத்துத் தைத்த மனிதர் அல்லவா, கண்ணை மூடிக்கொண்டு அந்த அறையையும் பெட்டியையும் ஃபேனையும் ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்திருப்பார். பிறகு ரேடியோவில் ஒரு சத்தம் வந்தது. மெஷின் பழுதோ என்று முதலில் மீட்டரைத் தேடினாள். பழுதில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், குமிழைத் தூக்கி வைக்காதவர்களுக்குக்கூடக் கேட்கிற மாதிரி சிரித்தார்.

"அப்ப படம்?" என்று கேட்டார், சிரிப்பு அடங்கியதும்.

திருப்புளி கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு தடவை எட்டிச் சுவர்ப் பக்கம் பார்த்தாள்.

"பல்லி பாத்துக்கிட்டிருக்கு" என்றாள்.